ஐவி கொடுத்த வாழைக்கன்றுகள்

கினிகத்தேனைக்கு வெளியே, வாழைக்கன்றுகளைப் போத்தலுக்குள் வளர்க்கும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றில் ஐவி வேலை செய்கிறாள். மஸ்கெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தவள். வாழைக்குருத்தின் நுனியைச் சீவி, சீனி கலந்த கூழில் ஊன்றி வைப்பாள். அது பல மொட்டுகளாகப் பெருகும். அவற்றைப் பிரித்து வேறு போத்தல்களில் வைத்தால் மறுபடியும் பெருகும். நோயில்லாத ஒரு குருத்து கிடைத்தால் ஒரு மலைச்சரிவு முழுவதற்கும் கன்று எடுத்துவிடலாம்.

ஆனால் அப்படிப் பிரிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மரபணுவில் எங்காவது பிசகி, தாயைப் போலில்லாத கன்றுகள் வரும். போத்தலில் அது சரியாகத் தெரியாது. மண்ணில் நட்டுக் காத்திருந்தால்தான் தெரியும்.

அவள் குடியிருந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்த வீடு அழகுமுத்துவும் அவர் மனைவி வீரம்மாவும். தேயிலை கைவிடப்பட்ட சரிவொன்றைத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, வாழைக்கென்று முதலில் குழி வெட்டியவர் அழகுமுத்து. முன்பு அவர் வீட்டுப் பின்புறம் வைத்திருந்த வாழைகள், இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குவிந்து, நோயில் போய்விட்டன.

"நோயில்லாத கன்னு ஒங்க எடத்துல இருக்குன்னியே புள்ள, மழைக்கு முன்ன கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கெடைச்சிரும்ண்ணே."

அந்த வருடம் புதிய தாய்க்குருத்துகள் வந்து சேரத் தாமதமாயிற்று. இருந்த போத்தல்களோ எல்லையைத் தொட்டிருந்தன. பொறுப்பாளர் றொனால்ட் அவளைக் கூப்பிட்டார்.

"ஐவி, இத இன்னொருக்கா பிரிக்கலாமா, இல்ல வீசிருவோமா? நீங்கதானே தெனம் பாக்கிறீங்க."

சில போத்தல்களில் இலை சற்று ஒடுங்கியிருந்ததை அவள் கவனித்திருந்தாள். வெளிச்சம் போதாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அழகுமுத்து வெட்டி வைத்த குழிகளும் கண்முன்னே வந்தன.

"பிரிக்கலாம் சேர்" என்றாள்.

மழைக்கு முன்பே கன்றுகள் லயத்துக்கு வந்தன. வீரம்மா ஒவ்வொன்றையும் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள், அழகுமுத்து நட்டார்.

சில மாதங்களில் வித்தியாசம் தெரிந்தது. பாதிக்கு மேல் வளரவேயில்லை. மட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி, குட்டையாக நின்றன. ஐவிக்கு முதல் பார்வையிலேயே விளங்கிவிட்டது. ஆனால் அழகுமுத்து தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டார். மாட்டெரு போதவில்லை என்று பட்டிக்காரரிடம் கேட்டுச் சுமந்து வந்தார். வெயில் காலத்தில் ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கினார். அவர் வாளியோடு ஏறுவதை ஐவி வாசலில் நின்று பார்ப்பாள். நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போய்விடுவாள்.

வளர்ந்த வாழைகள் நல்ல குலை போட்டன. குட்டை வாழைகளில் குலை வெளியே வரமுடியாமல் தண்டின் வாயிலேயே சிக்கிக்கொண்டது. ஒரு மாலை அழகுமுத்து அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"நீ நல்ல கன்னாத்தான் குடுத்த புள்ள. எனக்குத்தான் வளக்கத் தெரியல. ஆபீசுல ஒன்னய ஏதும் கேட்டா, எம்மேல தப்புன்னு சொல்லிரு."

ஐவியால் அதற்கு மேல் தாங்கமுடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பின்னால் நின்ற வீரம்மாதான் கேட்டாள்.

"அப்பவே சொல்லியிருந்தா அடுத்த மழைக்கு நட்டிருப்போமே ஐவி. போகட்டும், இவரு தண்ணி சொமக்கிறப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."



றொனால்டிடமும் சொன்னாள். அவர் வேறு கன்றுகள் தருவதாக ஒத்துக்கொண்டார். ஆனால் அழகுமுத்து அதற்குள் வீரம்மாவை லயத்தில் விட்டுவிட்டு நானுஓயாப் பக்கம் மரக்கறித் தோட்டமொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். நல்ல வாழைகளையும் வீரம்மாவால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. சரிவில் மானாப்புல் ஏறிவிட்டது.

தீபாவளிக்கு அவர் வந்திருந்தபோது ஐவி பலகாரத் தட்டோடு வந்த வீரம்மாவை வழிமறித்துக் கேட்டாள்.

"அக்கா, புதுக் கன்னு ரெடியா இருக்கு. சோதிச்சுப் பாத்தாச்சு. அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

வீரம்மா தட்டை அவள் கையில் கொடுத்தாள். முகத்தில் கோபமில்லை.

"அவரு இப்ப லீக்ஸ், கெரட்டுன்னுதான் பேசுறாரு. வாழப் பேச்சே எடுக்கிறதில்ல. நாமளும் எடுக்க வேணாம் புள்ள."

ஐவி முறுக்கை எடுத்துக்கொண்டு தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.