ஒரு காதில் ஆராதனை

ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று என் டியூஷன் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் எழுதி வைத்திருந்தார்கள். எல்லாம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். வாய்ப்பாட்டில் கோட்டை விட்டால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"எந்தப் புத்தகத்துல இப்படிப் போட்டிருக்கு? யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கத்தினேன்.

முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளை பயப்படாமல் எழுந்து நின்றாள். "போன கெழம நான் அம்பத்து நாலுன்னு சொன்னேன் டீச்சர். நீங்க ஆமென்னு சொன்னீங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் முகம் சுட்டது, ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. போன ஞாயிறு காலை என் வலது காதில், தலைமுடிக்குள் மறைத்து, இயர்போன் வைத்திருந்தேன். அதில் எங்கள் சபையின் ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஜெபித்து முடித்த நேரமும் அவள் விடை சொன்ன நேரமும் ஒன்றாகிவிட்டன.

கொரோனாக் காலத்தில் ஆராதனையைப் போனில் பார்க்கப் பழகினோம். நோய் போய்ச் சேர்ந்தது, எனக்கு அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதற்கு ஒரு வசதியான காரணமும் கிடைத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் ஆறு நாளும் கொழுந்து பறிக்கிறார்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டி வர அவர்களுக்கு ஞாயிறுதான் தோது. அதனால் ஞாயிறு காலை வகுப்பு வைத்தால் எங்கள் வீட்டு முன் அறை நிரம்பிவிடும், வாசலிலும் பாய் போட வேண்டியிருக்கும்.

நான் லயத்தில் பிறந்தவள். ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம், பக்கத்துக் காம்பிராவில் தும்மினால் எங்கள் வீட்டில் விளக்கு அணையும். கொங்கிரீட் சிலாப் போட்ட சொந்த வீடு என்பது எனக்குச் சாதாரண ஆசை இல்லை. நானுஓயா ஸ்டேஷனில் இறங்கும் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றி ஓடுகிற என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து சுவரை எழுப்பிவிட்டோம். மேலே இன்னும் தகரம். 'சிலாப் போடும்வரை மட்டும், ஆண்டவரே' என்று சொல்லித்தான் ஞாயிறு வகுப்பை ஆரம்பித்தேன். பிறகு சுவருக்குப் பூச்சு, பிறகு தரைக்கு டைல்ஸ் என்று அந்த 'மட்டும்' வளர்ந்துகொண்டே போனது. சிலாப் மட்டும் வரவில்லை.

பிள்ளைகள் சிரித்த அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். பிள்ளைகள் கணக்கைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வெட்கமில்லாமல் மறுபடியும் இயர்போனைச் செருகிக்கொண்டேன். பாஸ்டர் அப்பத்தை எடுத்துத் தரச் சபையார் ஒவ்வொருவராக எழுந்து போகும் சத்தம் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். என் கையில் வெண்கட்டி இருந்தது. அப்போது எனக்கு வலித்திருக்க வேண்டும், அழுகை வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. எப்போது முடியும், அடுத்த கணக்கைப் போடலாம் என்றுதான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று.

பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். "எனக்கு உம்மேல் பசியே இல்லை ஆண்டவரே. சிலாப் மேல்தான் பசி." இத்தனை வருடத்தில் நான் செய்த ஜெபங்களில் பூசி மெழுகாத ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். எழுந்தபோது முடிவு செய்துவிட்டேன். இனி ஞாயிறு வகுப்பு இல்லை.

ஒரு தாய் கொழுந்துக் கூடையை இறக்காமலே வந்து வாசலில் நின்றார். "ஞாயித்துக்கெழமைய விட்டா எங்களுக்கு ஏதுங்க டீச்சர் நேரம்?"

"வேல முடிஞ்சு அஞ்சு மணிக்கு அனுப்புங்க. இருட்டுறதுக்குள்ள நானே கொண்டாந்து விடுறேன்" என்றேன். சொன்னபடி செய்தேன். தினமும் மாலையில் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு லயம் லயமாக விட்டுவிட்டு வருவேன். அப்படியும் பாதிப் பேர் ஹட்டனில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் சாரிடம் போய்விட்டார்கள். சிலாப்புக்கு வாங்கிய கம்பி மழையில் துருப்பிடித்தது.

வீட்டுக்காரர் தகரத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "சபைக் கட்டடத்துக்கு எப்பவோ சிலாப் போட்டாச்சு. நமக்குத் தகரந்தான்னு எழுதியிருக்கு போல."

"தகரத்துக்குக் கீழ உக்காந்தா ஜெபம் ஏறாதா?" என்று திருப்பிக் கேட்டேன். கேட்டேனே தவிர, எனக்கும் உள்ளே கடுத்தது.

வகுப்பை விட்டுச் சபைக்குப் போனதும் பசி பொத்துக்கொண்டு வரும் என்றுதான் எண்ணியிருந்தேன். எங்கே வந்தது! பாட்டு நடக்கும்போது மனம் சீமெந்து மூட்டை எண்ணியது. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் கால்மணி நேரம் முழங்காலில் நின்றேன். அதில் பாதி கொட்டாவி.

சின்ன வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டும். பசி வரட்டும், அப்புறம் சாப்பிடுகிறேன் என்பேன். அம்மா விடமாட்டார். ஒரு வேளைக்கு மூன்று கரண்டி கஞ்சி, பிடிக்கிறதோ இல்லையோ விழுங்க வேண்டும். சில கிழமை கழித்து ஒருநாள் நானே சட்டியைத் தேடிப் போனேன். அது ஞாபகம் வந்தது. சரி, இதுவும் கஞ்சிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கொட்டாவி வந்தாலும் எழுந்திருக்கவில்லை. வேதத்தில் ஒரு பக்கம், புரிகிறதோ இல்லையோ, வாசித்தேன். சீமெந்து மூட்டை நினைவுக்கு வந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிட்டு மறுபடி ஜெபித்தேன். மாதங்கள் போயின.

போன மழைக்காலத்தில் ஒரு முதல் ஞாயிறு. விடியும்போதே பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, வேனும் போகாது. பாஸ்டர், வர முடியாதவர்கள் போனில் இணையலாம் என்று செய்தி அனுப்பியிருந்தார். முன்பென்றால் அந்தச் செய்தி எனக்குத் தேனாக இருந்திருக்கும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"இன்னைக்கு ஒரு நாளைக்குப் போன்ல பாத்துக்கயேன்" என்றார் வீட்டுக்காரர். "ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு."

"அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க. எனக்குத்தான் போகாம இருக்க முடியல."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. கண் நிறைந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே போனார். வேனிலிருந்து பெரிய குடையை எடுத்து வந்து கொடுத்தார்.

மண் சரிந்த பக்கம் போகாமல் தேயிலைக்குள் குறுக்கு வழியாக இறங்கினேன். காலில் அட்டை ஏறியது, நின்று பிடுங்க நேரமில்லை என்று நடந்தேன். சபையில் பாஸ்டரோடு சேர்த்து ஏழு பேர் இருந்தோம். என் பாதத்தில் இரத்தமும் சேறும் வழிந்ததால் பின்பக்கமே நின்றேன். பாஸ்டர் என்னிடம் நடந்து வந்தார். அவர் தந்தது விரல் நகம் அளவு அப்பம். இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் ஜெபித்து முடிக்க, ஆமென் என்றேன். அதை விழுங்கி முடிப்பதற்குள், அடுத்த முதல் ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று என் மனம் எண்ணத் தொடங்கியிருந்தது.