கோட் போடாத தேவசகாயம் மாஸ்ரர்

தேவசகாயம் மாஸ்ரர் இறந்த செய்தி எனக்குத் தொண்டைமானாற்றிலிருந்து வரவில்லை, ரொறன்ரோவிலிருந்து வந்தது. நான் இருப்பது நெல்லியடியில். பஸ் ஏறினால் இருந்த இடம் சூடாகுமுன் இறங்கிவிடக்கூடிய ஊரில் நடந்த சாவை, எங்களிடம் படித்த ஒருவர் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு படம். கறுப்புக் கோட், கழுத்தில் கட்டிய சிவப்பு ரை. முகம் மட்டும் மாஸ்ரருடையது. எத்தனையோ வருடங்கள் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்திருக்கிறேன். கோட்டோடு அவரை ஒரு நாளும் கண்டதில்லை. அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். ஆகவே எதை வெட்டி எறிந்துவிட்டு ஸ்ரூடியோக்காரர் அந்தக் கோட்டை மாட்டினார் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் பௌதிகவியல் படிப்பித்தார். பக்கத்து வகுப்பில் நான் கணிதம் படிப்பித்தேன். மாஸ்ரரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு எழுதித் தரும்படி கேட்டார்கள். இப்போது எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை, வருவதை எழுதுகிறேன்.

அவருடைய மைத்துனர் கனடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். சொக்லற், குளிர்ச்சட்டை, சவர்க்காரம், இவற்றுக்கிடையே ஒரு கோல்ஃப் மட்டையும் சில பந்துகளும். இங்கே எங்கள் பக்கத்தில் கோல்ஃப் திடலே இல்லை என்பது அந்த மனிதருக்கு மறந்துபோயிற்று. போதாக்குறைக்கு அது இடக்கைக்காரர் பிடிக்கும் மட்டை, மாஸ்ரரோ வலக்கைக்காரர். வேறு யாரும் என்றால் நாய் கலைக்க வைத்திருப்பார்கள். இவர் அதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். காணொளிகளில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வலக்கைக்காரர். அவர்களுக்கு எதிரே நின்று, அவர்களைக் கண்ணாடியில் தெரியும் தன் உருவமாக வைத்துக்கொண்டு பழகினார். “கண்ணாடித் தெறிப்பு எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறம்தானே ரீச்சர். இப்ப நானே அதுக்குள்ளை நிக்கிறன்” என்றார்.

தேநீர் இடைவேளையில் ஒரு நூலை எடுத்து, தன் தோளிலிருந்து நிலத்தில் கிடந்த பந்துவரை என்னை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். அந்த நூலின் சரிவில் ஒரு தகரக் கூரை இருப்பதாக நினைக்கவேண்டும், மட்டை அந்தக் கூரையை ஒட்டியே ஏறி ஒட்டியே இறங்கவேண்டும். அந்தக் கூரைதான் வீச்சின் தளம், அது கேத்திரகணிதம். பௌதிகம் அதற்குப் பிறகு வரும். கையும் மட்டையும் ஒன்றின் நுனியில் ஒன்று தொங்கும் இரண்டு ஊசல்கள். ஒன்று தோளில் சுழல்கிறது, மற்றது மணிக்கட்டில். புதிதாக ஆடுகிறவர் பந்தைக் கண்டதும் மணிக்கட்டை முந்தித் திறந்துவிடுவார், வேகமெல்லாம் பந்துக்கு வருமுன்னே செலவாகிவிடும். மடக்கிய மணிக்கட்டை மடக்கியபடியே இறக்கினால், கை வேகம் குறையும் நேரத்தில் மட்டையின் தலை அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு தானாக வெளியே எறிபடும். வீச்சுவலை எறிகிறவரைப் பார்த்தால் விளங்கும் என்பார். உடம்பு முதலில் திரும்பும், கை பிறகு, வலை கடைசியில்தான் விரியும். “பலம் காணாது எண்டில்லை ரீச்சர். அவசரம்தான் எல்லாத்தையும் கெடுக்கிறது.”

இதை அவர் உயர்தர வகுப்புக்குக் கொண்டுபோனார். கோண உந்தத்தைப் பாடமாக்கி ஒப்புவித்த பிள்ளைகள், மைதானத்து மூலையில் நின்று அதைத் தங்கள் கையிலேயே உணர்ந்தார்கள். என் வகுப்பு யன்னலால் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள், கூட்டம் கூடியது. பெற்றோர் சங்கச் செயலாளர் எழும்பினார். காசுக்குப் பாடம் நடத்தும் ரியூட்டரி ஒன்றின் சொந்தக்காரரும் அவரேதான்.

“மாஸ்ரர், சோதினையிலை கோல்ஃப் வருமோ?”

சபை சிரித்தது. “கோல்ஃப் வராது. பௌதிகம் வரும்” என்றார் மாஸ்ரர். நான் எழும்பி அவருக்காகக் கதைத்தேன், என்னை இருக்கச் சொன்னார்கள். அடுத்த பாடசாலைத் தவணையில் உயர்தர வகுப்பை அவரிடமிருந்து எடுத்து, ஆறாம் வகுப்புக்குச் சுகாதாரம் படிப்பிக்க விட்டார்கள். ஊர்க்கண்ணுக்கு அந்த மட்டை வெறும் தடி, ஒரு பொல்லு. அன்றிலிருந்து அவர் ஊருக்குப் ‘பொல்லு மாஸ்ரர்’. றோட்டில் சைக்கிளில் போகும்போதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் சிலர் இந்த மலரிலும் எழுதியிருக்கிறார்கள். மாஸ்ரர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம். “விடுங்கோ ரீச்சர்” என்று சொல்லிவிட்டு, பல் துலக்கும் முறையைக் கோணம் கீறிப் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற பிறகு, கோடையில் தொண்டைமானாற்று நீரேரி வற்றிக் கிடக்கும் வெளியில் பின்னேரங்களில் தனியே அடிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை சந்நிதிக் கோயிலுக்குப் போனவள் அந்தப் பக்கம் போனேன். என்னையும் ஒருக்கால் அடிக்கச் சொன்னார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மட்டையை வாங்கினேன், மண்தான் பறந்தது. திரும்பவும் மண். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் அடித்தார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, பந்து மட்டும் எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் கைபேசியில் படம் எடுத்தேன், பிறகு அவருக்கும் அனுப்பினேன். தோள் முழுவதும் திரும்பி, மட்டை முதுகுக்குப் பின்னால் போய், நாடி நிமிர்ந்து, கண் பந்தின் பின்னால் போயிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பாடசாலையில் கண்டதில்லை. போன மாரியில் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. பார்க்கப் போனபோது, “ஒரு ஊசல் நிண்டிட்டுது ரீச்சர்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செத்தவீட்டில் அந்தப் படத்தை ஆள் உயரப் பதாகையில் கட்டியிருந்தார்கள். கோட் நேரே பார்த்தது, கழுத்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. உடம்பு ஒருவருடையது, தலை இன்னொருவருடையது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதே செயலாளர்தான் முதலில் பேசினார். எங்கள் பௌதிக மேதை என்றார். பிறகு பதாகையைக் காட்டி, மாஸ்ரரின் பார்வை இப்போதே பரலோகத்தை நோக்கியிருக்கிறது என்றார். சனம் கண்ணைத் துடைத்தது. 

ஸ்ரூடியோக்காரரோடு சண்டைக்குப் போனேன். வீட்டிலிருந்து சொல்லித்தான் மட்டையைப் படத்திலிருந்து எடுத்ததாக அவர் சொன்னார். அங்கிருந்து நேரே மாஸ்ரரின் மனைவி ராணி அக்காவிடம் போனேன். அவர் மறைக்கவில்லை.

“ஓம், நான்தான் எடுக்கச் சொன்னனான். பொல்லு மாஸ்ரர் எண்டு சிரிச்ச சனம். செத்தவீட்டிலையும் சிரிக்க விடச் சொல்லுறியளோ?”

கூட்டத்தில் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைச் சந்தையிலும் தேவாலயத்திலும் சுமந்து திரிந்தவர் இந்த மனிசி. கைபேசியை எடுத்து முழுப்படத்தையும் காட்டினேன். வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளிக்குத் தான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை என்றார். பிறகு கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

“அப்ப இதையே மலரிலை போடுங்கோ. ஆனா அது பொல்லு இல்லை எண்டு நீங்கள்தான் எழுதவேணும்.”

எழுதிவிட்டேன். அது பொல்லு இல்லை. அவசரப்படாத ஒரு மனிதர் இரண்டு ஊசல்களையும் ஒரு தளத்தையும் இங்கே எங்களுக்குக் காட்டிய மட்டை அது. ராணி அக்கா அதை என்னிடமே தந்துவிட்டார், இப்போது என் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. எனக்கு அதைப் பிடிக்கத் தெரியாது, ஆனாலும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும், இன்னும் ஆறாத கோபமும், கீழே அச்சாகியிருக்கும் முழுப்படமும். சிரிக்கவேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மாஸ்ரர் உங்களைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.