ஆள் இல்லாத சிலுவை

அம்மாபேட்டையில் ஒரு மரப்பட்டறையில் எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தேன். சூசை எனக்கு முன்பே அங்கே இருந்தான். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் என் தலையில் விழும். மாதா மாடம், மெழுகுவத்தி ஸ்டாண்டு, இயேசு தொங்கும் பாடுபட்ட சிலுவை என்றால் அவனுக்கு. ஆர்.சி. என்கிற கத்தோலிக்கச் சாமியார்கள் என்னைத் தாண்டி நேராக அவனிடம் போவார்கள். "கோயில் வேலைங்களா? நம்ம சூசை இருக்கறானுங்க" என்பார் முதலாளி. நானும் அதே உளியைத்தான் பிடித்தேன். வயிறு எரியும்.

ஒரு வருஷம் சூசை வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருந்த நேரம், ராசிபுரத்திலிருந்து ஒரு பாஸ்டர் வந்தார். புராட்டஸ்டன்ட் சபை. பிரசங்க பீடமும், பின்சுவருக்குத் தேக்கில் ஒரு சிலுவையும் கேட்டார்.

"சூசை வந்துரட்டுமே" என்றார் முதலாளி.

"நானே செய்யறனுங்க" என்று முந்திக்கொண்டேன்.

பீடம் சீக்கிரம் முடிந்தது. சிலுவையில்தான் கைவரிசையைக் காட்டினேன். சூசை செய்தவற்றைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று இயேசுவைத் தனியாகச் செதுக்கி, ஸ்குரூ போட்டு மாட்டினேன். முள்முடி, விலா எலும்பு, கால் விரல் நகம் வரைக்கும். பாஸ்டர் உருவம் கேட்கவில்லை. சொல்ல மறந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

திரும்பி வந்த சூசை, "எந்த சபைக்குடா?" என்றான்.

"உனக்கெதுக்கு?" என்று சாக்கைப் போட்டு மூடினேன்.

ராசிபுரத்தில் சாக்கை எடுத்ததும் பாஸ்டர் உருவத்தை விரலால் தடவிப் பார்த்தார். "வேலை நல்லாருக்குதுங்க. ஆனா நாங்க உருவம் வெக்கறதில்லீங்க. அவரு உயிரோட எழுந்துட்டாருன்னு எங்க சிலுவைல ஆள் இருக்காது."

"ஆர்.சி. கோயில்ல இருக்குதுங்களே?"

"அவரு பட்ட பாட்டை நெனச்சுப் பாக்க அவங்க வெக்கறாங்க. நமக்காகச் செத்தாரு, மூணாம் நாள் எழுந்தாருங்கறது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்க."

தூக்கி மாட்ட உதவிக்கு வந்திருந்த சூசை அதற்குள் ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். "ஓட்டையை அடைச்சு பாலீஷ் போட்டாச் சரியாப் போயிரும். உருவத்தை எங்க கோயிலுக்கு எடுத்துக்கறேன்டா. சாமியார் கேட்டுட்டே இருக்காரு." முதலாளி கண்ணில் படாமல் அது போனால் போதும் என்று தலையாட்டினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அளவு எடுக்கும் முன் எந்த சபை என்று கேளுங்கள். ஆர்.சி.க்கு உருவம், மாதாவுக்கு மாடம். புராட்டஸ்டன்ட்டுக்கு வெறும் சிலுவை, பைபிள் வைக்கப் பீடம். பெந்தெகொஸ்தேக்காரர்களுக்கு ஆள் முழுகி ஞானஸ்நானம் எடுக்கத் தொட்டிதான் முக்கியம், சில இடத்தில் சிலுவையே கேட்க மாட்டார்கள். விவரம் தெரிந்த ஆள் உங்களுக்குப் பிடிக்காதவனாக இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு சூசையின் கோயிலுக்குப் போனேன். என் வேலையைப் பார்க்கத்தான். ஜனங்கள் வரிசையில் வந்து, முழங்காலிட்டு, நான் செதுக்கிய பாதத்தை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பி, "எங்க சூசை செஞ்சதுங்க. நகங்கூட இருக்குது பாருங்க" என்றார்.

"அவன் செய்யலீங்க. நான் செஞ்சதுங்க."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவனும் அப்படித்தானுங்க சொல்லுவான், தான் செய்யலைன்னு. பெருமையே புடிக்காத புள்ளைங்க."

என் முறை வந்தது. குனிந்து அந்த நகத்தைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு எரிந்த மாதிரி வயிறு என்றைக்கும் எரிந்ததில்லை.