உறுமியை மட்டும் குறைக்க வேண்டும்

மலேசியாவில், கோலா சிலாங்கூர் டயர் கடை ஒன்றில் புனிதவதிக்குக் கணக்கு வேலை. சாயங்காலமானால் பழைய லேப்டாப்பில் கல்யாணப் பாட்டுகளுக்கு மெட்டுப் போடுவாள். ரவாங்கில் பேக்டரி வேலை பார்க்கும் சத்தியசீலன் அதற்குத் தாளம் சேர்ப்பான். மணமக்கள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது ஒலிக்கிற பாட்டு அது. மண்டபத்துத் திரையில் பாட்டுச் செய்த இவர்கள் இருவர் பெயரும் வரும்.

இந்த முறை அவன் புது லேப்டாப் வாங்கியிருந்தான். பாட்டுச் செய்யும் மென்பொருளும் புதுப் பதிப்பு. அவள் அனுப்பிய பாட்டைத் திறந்து, உறுமியும் தவிலும் சேர்த்து, சேமித்துத் திருப்பி அனுப்பினான். அவளிடம் அது திறக்கவே இல்லை. புதுசு பழசைத் திறக்கும், பழசு புதுசைத் திறக்காது. புதுப் பதிப்பை ஏற்றலாம் என்றால் அவள் லேப்டாப் தாங்காது.

"ஒன்னும் இல்ல லா. இனிமே எங்கிட்டயே இருக்கட்டும். நீ பாடி அனுப்பு, மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றான் போனில்.

அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் உடனே மறுக்க வாய் வரவில்லை. உலை வைத்தவளையே இலை போட்டு உட்கார வைக்கிற மாதிரி இருந்தது. பாட்டுக் கேட்டிருந்தவர்களின் கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. யோசித்து யோசித்து, மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"சீலன், பாட்டு பழைய பதிப்புலயே இருக்கட்டும். நீயும் திறக்கலாம், நானும் திறக்கலாம். நீ சேமிக்காத, சேமிச்சா புதுசா மாறிடும். தாளத்த மட்டும் ஒலியா எடுத்து அனுப்பு. ஆரம்பத்துல சும்மா இருக்கிற இடத்தையும் வெட்டாத, அப்பத்தான் சரியா உக்காரும்."

"புதுசு வாங்கினவன் நானு. நான் கீழ எறங்கி வரணுமா?"

"என்னால மேல ஏற முடியாதுல்ல. ஒரு சுரம் மாத்தணும்னாலும் உங்கிட்ட கேட்டு நிக்கணுமா?"

அவன் போனை வைத்துவிட்டான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வானோ என்று பயந்துகொண்டே இருந்தாள். மறுநாள் தாளம் வந்தது.

பாட்டோடு வைத்தாள். இம்மி பிசகவில்லை. ஆனால் சரணத்தில் உறுமி அவள் குரலை அமுக்கியது. குறைத்தால் தவிலும் சேர்ந்து குறைந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி அனுப்பியிருந்தான். மறுபடியும் போனை எடுத்தாள்.

"உறுமிய மட்டும் கொஞ்சம் கொறச்சு அனுப்பறியா?"

"இப்ப யாரு கேட்டு நிக்கிறது?" அவன் சிரித்தான். "தனித்தனியா அனுப்பறேன். நீயே கொறச்சுக்க."

அவள் வைக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவனும் வேண்டியபடி கூட்டிக் குறைக்கட்டும் என்று குரலையும் மெட்டையும் தனித்தனியாகப் பிரித்து அவனுக்கு அனுப்பத் தொடங்கினாள். அவன் அதைக் கேட்டிருக்கவில்லை.