ஒரு கட்டில் அளவு சரளை

கத்தரியில் ஒட்டிய முடியை ஊதிப் பறக்கவிட்டுவிட்டு, "போன வாரம் உன் வீட்டுப் பக்கமா சைக்கிள்ல வந்தேன். புல்ல மறுபடி வெட்டிட்ட போல இருக்கே," என்று ஆரம்பிப்பாள் சோல்வாய். கழுத்துவரை துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் எங்கே ஓடுவான்? பாதித் தலைதான் வெட்டியாகியிருக்கிறது. கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்க்காமல், மழை வரும் என்றார்கள், அதனால்தான் என்று ஏதோ முனகுவான். "மழைக்கும் புல்லுக்கும் என்ன தகராறு?" என்று கேட்டபடியே அடுத்த கற்றையை விரலிடுக்கில் பிடிப்பாள். அவன் சலூனை விட்டு வெளியே வரும்போது கையில் ஒரு சின்னக் காகித உறை இருக்கும். உள்ளே பூ விதை.

எங்கள் ஹேதலுண்டில் பாதிப் பேர் காட்டுப்பூச் சங்கத்தில் சேர்ந்தது இப்படித்தான். மஞ்சள் செங்கல் வீடு, அளவெடுத்து வெட்டின வேலி, கம்பளம் மாதிரி புல்தரை என்று மானத்தோடு வாழ்கிற ஊர் இது. ஊரை ஒட்டின லிம்ஃபியோர் கடல்கழியிலிருந்து வருகிற காற்று ஒரு காகிதத்தை முற்றத்தில் போட்டுவிட்டால்கூட ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். இங்கே வந்து, புல்லை வளரவிடு, கடையில் விற்கிற வெளியூர்ச் செடியை விட்டுத் தள்ளு, இந்த மண்ணில் காலங்காலமாய் முளைத்ததைக் கொண்டுவந்து நடு என்று சொல்லக் கிளம்பினவள், நாளெல்லாம் முடி வெட்டிப் பிழைக்கிற ஒருத்தி. முடியென்றால் வெட்டு, புல்லென்றால் வெட்டாதே, இது என்ன நியாயம் என்று கேலி பேசாதவர் இல்லை. "முடி போனா யாருக்கும் சோறு போகாது. புல்லு போனா வண்டுக்குச் சோறு போச்சு," என்பாள்.

ஆள் குட்டை, நல்ல அகலம். ஊருக்கெல்லாம் அழகாய் வெட்டுகிறவள் தன் தலையைத் தானே கண்ணாடி பார்த்து வெட்டிக்கொள்வதால் பின்பக்கம் எப்போதும் கோணலாக இருக்கும். போகிற வழியில் சரிவில் ஏதாவது செடி விதை காய்ந்த தலையை ஆட்டிக்கொண்டு நின்றால் போதும், சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு இறங்கி உருவிக்கொள்வாள். சட்டைப்பை முழுக்க விதை. ஒருமுறை துணி துவைக்கிற இயந்திரத்தின் ரப்பர் வளையத்துக்குள் இரண்டு முளை பச்சையாய் எட்டிப் பார்த்ததாம். அதையும் பிடுங்கி எறிய மனசு வராமல் தொட்டிக்கு மாற்றினாள்.

புருஷன் வெர்னர் இதற்கெல்லாம் நேர் எதிர். ஊருக்கு வெளியே உள்ள சரளைக் குழியில் லாரி ஓட்டினவர். இந்த வட்டாரத்தில் யார் வீட்டு முற்றத்தில் சரளை கிடந்தாலும் அது அவர் கொண்டுவந்து கொட்டியதாகத்தான் இருக்கும். பேச்சு என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும் அவரிடம். ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துப் புகழ வேண்டுமென்றால் "மோசமில்ல" என்பார். கல்யாணத்தன்று சோல்வாயைப் பார்த்தும் அதைத்தான் சொன்னாராம். "அதுக்கு மேல அவன்கிட்ட வார்த்தை கிடையாது. இருந்திருந்தா எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லியிருப்பான்?" என்று அவளே சிரிப்பாள். வீட்டுக்கு முன்பக்கம் அவருடைய சரளை, பின்பக்கம் அவளுடைய காடு. வருஷத்துக்கு வருஷம் காடு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாய் முன்னால் வந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா என்று இவள் கேட்பாள். அவர் தலையாட்டுவார்.

கல்லறைத் தோட்டத்துக்கும் அப்படித்தான் வந்தாள். எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் என்றால் தெரியுமே, ஒவ்வொருவரைச் சுற்றியும் முழங்கால் உயர வேலி, உள்ளே சரளை, சரளைமேல் இரும்புப் பல் வைத்த வாருகோல் இழுத்த நேர்கோடுகள். களைக்கு மருந்தடிக்கக் கூடாது என்று ஆன பிறகு, போதில் என்கிற தோட்டக்காரி மண்டிபோட்டு ஒவ்வொன்றாய்க் கொத்தி முழங்கால் தேய்ந்து போனாள். சோல்வாய் ஒரு ஆப்பிள் கேக்கைச் செய்து எடுத்துக்கொண்டு சர்ச் சபைக் கூட்டத்துக்குப் போனாள். தெற்குச் சரிவில் வாரிசு இல்லாத பழைய கல்லறைகள் எவ்வளவோ கிடக்கின்றன, நடைபாதைகள் வேறு. அந்தச் சரளையை எங்களிடம் விடுங்கள், மணலைப் போட்டு நம் ஊர்ப் பூவை விதைக்கிறோம், வருஷத்தில் ஒருமுறை நீள அரிவாளால் அறுத்தால் போதும், போதிலின் முழங்காலும் தப்பிக்கும் என்றாள். கேக் தீர்வதற்குள் சபை சரி என்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை சங்கம் முழுக்க மண்வெட்டியோடு இறங்கியது. வெர்னரும் வந்தார். தான் ஒரு காலத்தில் லாரி லாரியாய்க் கொட்டின சரளையைத் தானே தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டு, கருவிக் கொட்டகைக்குப் பின்னால் குவித்தார். சாயங்காலம் எல்லாரும் காபியும் சீஸ் வைத்த ரொட்டியுமாய் உட்கார்ந்திருந்தபோது, எப்படி இருக்கிறது என்று சோல்வாய் கேட்டாள். வெறும் மண்ணாய்க் கிடந்த சரிவைப் பார்த்து "மோசமில்ல" என்றார். அவள் எல்லார் முன்னாலும் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள்தான். அந்த ஒரு வார்த்தையை அவளும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

சரிவு பூத்தது. பத்திரிகையில் படம் வந்தது. பக்கத்து ஊர்ச் சபைகள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு ஆள் அனுப்பின. சங்கத்தின் செயலாளர் ஹோல்கர், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், சுத்தமான மனிதர், ஊர் ஊராய்ப் போய்ப் படம் போட்டுக் காட்டிப் பேச ஆரம்பித்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் வெர்னருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. நுரையீரல். கட்டிலை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். சோல்வாய் சலூனில் ஒரு தலையை முடித்துவிட்டு ஓடிவந்து பார்ப்பாள், திரும்ப ஓடுவாள்.

ஒரு மத்தியானம் அவர் வாயைத் திறந்தார். "எனக்கு மேல உன் பூவெல்லாம் வேணாம்."

அவள் சிரித்துவிட்டாள். சரி, பிளாஸ்டிக் பூ வாங்கி வைக்கிறேன் என்றாள். அவர் சிரிக்கவில்லை.

"சரளை போடு. கோடு விழ வாரி வை. ஒரு களை இருக்கக் கூடாது."

"என்ன வெர்னர் பேசற நீ?"

"ஊரெல்லாம் நான் கொட்டினேன். நீ வாரி எடுத்துட்டே வந்த. நானும் உனக்கு வண்டி தள்ளினேன். எனக்குன்னு ஒரு கட்டில் அளவு விட்டு வை."

அவ்வளவு வார்த்தைகள் சேர்ந்தாற்போல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேனே என்று அழுதாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ சந்தோஷமா இருந்த."

வாக்குக் கொடுத்தாள். பிப்ரவரியில் அவர் போய்விட்டார்.

ஹோல்கர் நல்ல மனதோடு வெர்னருக்கென்றே தனியாக விதை எடுத்து வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, சலூன் அலமாரியில் வைத்துவிட்டு, சோல்வாய் நேரே போதிலிடம் போனாள். கொட்டகைக்குப் பின்னால் குவித்த சரளை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். போதில் தள்ளுவண்டியை எடுத்தாள். கோடை வந்தபோது பூச்சரிவின் ஓரத்தில், மூன்று பக்கமும் மஞ்சளும் ஊதாவுமாய்க் காற்றில் ஆடுகிற செடிகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம், அதன் தலைமாட்டில் ஒரு கல். ஊர் சும்மா இருக்குமா? ஊருக்கெல்லாம் பூ, சொந்தப் புருஷனுக்குக் கல்லா என்றார்கள். பேக்கரியில் சொன்னார்கள், பெட்ரோல் பங்கில் சொன்னார்கள். அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, தெரியாத மாதிரி சுற்றி வளைத்துக் கேட்டவர்களும் உண்டு. காதுக்கு மேல் இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா என்று அவள் பதிலுக்குக் கேட்பாள்.

வாராவாரம் போனாள். பூச்சரிவுக்குப் பக்கத்தில் சரளையைச் சுத்தமாய் வைத்திருப்பது லேசான காரியமா? அவள் விதைத்த செடிகளே காற்றில் விதையை அள்ளி அவர்மேல் போட்டன. குனிந்து குனிந்து விதையைப் பொறுக்கினாள், புல்லைப் பிடுங்கினாள். பிறகு வாருகோலைப் போட்டுப் பின்பக்கமாகவே நடந்து, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு வெளியே வருவாள். அந்த நேரத்தில் பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் இல்லை. அவள் முகம் அப்படி இருக்கும்.

அடுத்த வருஷக் கோடையில் வடக்கேயுள்ள ஊர்களிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் சரிவைப் பார்க்க வந்தார்கள். சோல்வாய்தான் சுற்றிக் காட்டினாள். அன்றைக்கு நன்றாகவே பேசினாள், நடு நடுவே சிரிக்கவும் வைத்தாள். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண்மணி, நீலமணி எங்கே, அது இல்லாமல் ஒரு சரிவா என்று கேட்டாள். மெல்லிய காம்பில் தலைகுனிந்து தொங்குகிற நீல மணிப்பூ, எங்கள் பாட்டன் காலத்தில் வழியெல்லாம் கிடந்தது. ஹோல்கர் தலையைச் சொறிந்தார். வருஷாவருஷம் விதைக்கிறோம், மற்றதெல்லாம் வந்துவிட்டது, அது மட்டும் எங்கள்மேல் கோபமாக இருக்கிறது என்றார்.

தொப்பிக்காரி எதையோ படம் எடுக்க ஓரமாகப் போனவள், வெர்னரின் கல்லுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "இங்க இருக்கே!"

எல்லாரும் ஓடினார்கள். கல்லின் முதுகை ஒட்டி, சரளைக்குள்ளிருந்து, நூல் போல ஒரு காம்பு. நுனியில் ஒரு பூ விரிந்திருந்தது, இன்னும் இரண்டு மொட்டு. யாரும் நடவில்லை, தானாக வந்திருக்கிறது, சரளைதான் அதற்குப் பிடித்த இடம் போலிருக்கிறது என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். செல்போனை நீட்டி நீட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு வயசானவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். போன மாதமே அதன் வட்ட இலைகளைச் சோல்வாய் பார்த்திருந்தாள். அந்த இடுக்கில் வாருகோல் எட்டாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஹோல்கர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணும் நடலையே, சோல்வாய். அதுவா வந்தது. விதை விடற வரைக்கும் விட்டு வை. கொஞ்ச நாள்தான். அப்புறம் எடுத்துடு."

அவள் தலையாட்டினாள். காபி ஆறிப்போகும், எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பின்னால் வருகிறேன் என்றாள்.

அவர்கள் சபைக் கூடத்துக்குள் போன பிறகு, கல்லுக்குப் பின்னால் மண்டிபோட்டாள். கொஞ்ச நாள்தான். இன்னும் கொஞ்சம்தான். முன்பக்கத்துச் சரளைக்கும், இந்தச் சரிவுக்கும், வாழ்நாள் முழுக்க அவரிடம் அவள் கேட்டதும் இதே வார்த்தைதான். அவர் தலையாட்டிய மாதிரிதான் இப்போது இவளும் ஆட்டிவிட்டிருக்கிறாள். விரலால் சரளையை ஒவ்வொரு கல்லாய் விலக்கினாள். பூத்திருக்கும்போது பிடுங்கினால் இது எங்கே நட்டாலும் பிழைக்காது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். அழுகை வந்தது, அழுதுகொண்டே இழுத்தாள். வேர் அறாமல் நீளமாக வந்தது. ஒரு துண்டுகூட உள்ளே தங்காதபடி தோண்டிப் பார்த்தாள். சரளையை மூடி, கையாலேயே தடவிச் சமமாக்கினாள். பிடுங்கியதைக் கைக்குள் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

கூடத்தில் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். உட்கார்ந்தாள். யாரோ காபி ஊற்றினார்கள், யாரோ கேக் தட்டை நகர்த்தினார்கள். அந்தப் பூவைப் பற்றித்தான் பேச்சு. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். தொப்பிக்காரி எழுந்து மேசையைச் சுற்றி வந்து, இந்த நாளை நான் மறக்கவே மாட்டேன் என்று சொல்லி, கை குலுக்கக் கையை நீட்டினாள். சோல்வாயின் வலது கை மடியில் மூடியபடியே இருந்தது. அவள் இடது கையை நீட்டினாள்.