சட்டைப் பையில் ஒரு பொட்டுச் சுருள்

ரத்தினம் தாத்தா இன்று விடியற்காலையில் போய்விட்டார். வைத்திக்குப்பத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரர்... தெரு முனையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர்.

மத்தியானம் வரை இருந்திருந்தால் சூசை தாத்தாவைப் பார்த்திருப்பார்.

இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். சூசை தாத்தாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். சைகோனிலிருந்து லீவில் வந்தபோது பிள்ளைக்கு ஒரு தகரத் துப்பாக்கி வாங்கி வந்தார். தெருவுக்கே அந்த ஒன்றுதான்.

துப்பாக்கி சூசையிடம். அதில் வைத்துச் சுடும் பொட்டுச் சுருள் ரத்தினத்தின் சட்டைப் பையில். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் சுட முடியாது... அதுதான் அவர்களுடைய சட்டம்.

"வெள்ளக்காரன் கெளம்பிப் போன வருஷம் பாரு, ஒரே கூத்து. துப்பாக்கி வெச்சிருக்கறவன்தான் பிரெஞ்சுப் போலீசு. எவனும் போலீசா நிக்க மாட்டேன்ட்டான். கடசில ரெண்டு பேரும் கடலப் பாத்து சுட்டுட்டு வந்தோம்" என்று ரத்தினம் தாத்தா சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம் சில வருஷத்தில் சூசையின் குடும்பம் கப்பலேறி பிரான்சுக்குப் போய்விட்டது. துப்பாக்கியும் போய்விட்டது.

தாத்தா கடை வைத்த பிறகு தீபாவளிக்குத் தீபாவளி துப்பாக்கி தொங்கவிடுவார். முதலில் தகரம், அப்புறம் பிளாஸ்டிக். என் சின்ன வயதில் கயிறு நிறையத் தொங்கும்.

போன தீபாவளிக்கு மூன்று தொங்கின. பண்டிகை முடிந்தும் அதே மூன்று.

"எடுத்து வெச்சிடட்டுமா தாத்தா?"

"இருக்கட்டும்மா... சோறா கேக்குது?"

இந்த மாதம் மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது. சூசை தாத்தா அந்தத் தகரத் துப்பாக்கியோடு வருகிறேன் என்று போனில் சொன்னார். அன்றிலிருந்து ரத்தினம் தாத்தா கடையிலிருந்த பொட்டுச் சுருள்களை ஒரு தட்டில் பரப்பி, வெயிலில் காய வை, காய வை என்று மருமகளை ஒரு வழி பண்ணிவிட்டார். வெயிலே எட்டிப் பார்க்காத ஐப்பசி...

நேற்று பாரிஸ் ஏர்போர்ட்டிலிருந்து என் போனுக்கு வீடியோ கால். தாத்தாவின் கட்டிலருகே கொண்டுபோய்ப் பிடித்தேன்.

"டேய் ரத்னம்... புடுங்கிட்டானுங்கடா."

"இன்னாத்த?"

"துப்பாக்கிய. பொம்மதான்யான்னு பிரெஞ்சுல கெஞ்சறேன். பொம்மயா இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதான்றான். இந்த வயசுல நான் பிளேனக் கடத்தப் போறனா?"

"உன் மூஞ்சப் பாத்தா எனக்கே சந்தேகமா கீது. கைப்பையிலயாடா வெச்ச? சூட்கேஸ்ல போடறதுக்கு இன்னா?"

"சூட்கேஸ்ல போட்டா நசுங்கிடுமேன்னு..."

தாத்தா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"சரி, வெறுங்கையோடவாவது வந்து சேரு" என்றார் கடைசியில்.

வெறுங்கையோடுதான் வந்தார். தாத்தாவை வாசலில் கிடத்தியிருந்தோம்.

சூசை தாத்தா அழவில்லை. "பொட்டு எங்கம்மா?" என்று மருமகளைக் கேட்டார். தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து, தாத்தாவுக்குப் போட்டிருந்த புதுச் சட்டையின் பையில் வைத்தார்.

"எரிக்கும்போது வெடிக்குமே..." என்றார் யாரோ.

"வெடிக்கட்டும்."

பெண்கள் நாங்கள் தெரு முனையோடு நின்றுவிட்டோம். தூறல் வலுத்துக்கொண்டே இருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய சூசை தாத்தாவுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வெடிச்சுதா தாத்தா?"

"தெர்லம்மா... ஒரே மழ சத்தம்."

மீதிச் சுருள்கள் தட்டோடு என் மேசையில் இருக்கின்றன. இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம்.

போய் வாருங்கள், ரத்தினம் தாத்தா...