மிஸ் வோங்குக்குக் கொடுத்த ஆரஞ்சு

போனில் ரோஜினா புன் பேசினால் நேபாளிப் பெண் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பிறந்தது ஹாங்காங்கில், யுன் லோங் பகுதியில். அப்பா பிரிட்டிஷ்காரர்களின் கூர்க்காப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கைக்காரி அவளைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்ட நாளிலிருந்து, சீனர் பேச்சை வைராக்கியமாகப் பிடித்துக்கொண்டாள். மீன்கடைக்காரனோடு பேரம் பேசியும், தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வாயசைத்தும் நாக்கை வளைத்தாள்.

அதே ஊரின் ஜோர்டான் பகுதியில் சிறுபான்மையினருக்கான உதவி மையத்தில் அந்த நாக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடப் படிவம் எல்லாவற்றுக்கும் புன் என்றே பேசுவாள். வீடு தேடும்போது மட்டும் சீனப் பெயர், மிஸ் வோங். புன் என்றால் போனை வைத்துவிடுவார்கள். வோங் என்றால், சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார்கள்.

மார்ச் மாதம் தில்மாயா வந்தாள். ஐம்பது வயது, தனி ஆள், ஒரு தேநீர்க்கடைச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஒன்பது வீடு பார்த்துவிட்டாள். அவள் முகத்தைக் கண்டதும் ஒன்பதும் வேறு யாருக்கோ போய்விட்டனவாம்.

பத்தாவது வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் இல்லை. சொந்தக்காரி ஃபுங் அம்மாளுக்குக் காது மந்தம். அவள் போட்ட சத்தம் போனைத் தாண்டி மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

"யாருக்கு வீடு, மிஸ் வோங்? நம்ம ஆளுங்களா?"

"வேலைக்குப் போற அம்மாங்க. ரொம்பச் சுத்தம்."

"கறுப்புத் தோல்காரங்கன்னா வேணாம்மா. மசாலா நாத்தம் சுவத்துல ஏறிக்கும்."

ரோஜினா சிரித்தாள். "அந்த நாத்தம் எனக்குத் தெரியாதா? லிஃப்டுல பக்கத்துல நின்னாலே மூச்சு முட்டும். இவங்க அப்படி இல்ல. ஒரு தடவ நேர்ல பாருங்களேன்."

"நீ சொன்னா சரி. நாளைக்கு மூணு மணிக்குக் கூட்டிட்டு வா."

போனை வைத்துவிட்டு, "அக்கா, பாதிக் கிணறு தாண்டியாச்சு!" என்று நேபாளியில் சொன்னாள்.

தில்மாயா குடையை மடித்துக்கொண்டிருந்தாள். "பதினோரு வருஷமா பாத்திரம் கழுவறேன், தங்கச்சி. அந்தச் சமையல்கட்டுல நான் மொதல்ல கத்துக்கிட்ட வார்த்தையே இந்த நாத்தந்தான்."

"அக்கா, வேலை ஆகணும்னுதான்..."

"தெரியும். சிரிப்பு மட்டும் நெஜமாவே இருந்துச்சு."



மறுநாள் படிக்கட்டடியில் தில்மாயா அவளைத் தடுத்தாள். "நீ மேல வராதே."

"நான் இல்லாம எப்படிக்கா பேசுவீங்க?"

"அந்தம்மா வோங்கைப் பார்க்கக் காத்துட்டிருக்கும். நீ போய் நின்னா உன் குட்டும் சேர்ந்து உடையும்."

ரோஜினா தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு முறை முதல் படியில் கால் வைத்து எடுத்துவிட்டாள். வீடு கைநழுவிப் போகும் என்று பயமில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தமான முகத்தை ஃபுங் அம்மாள் பார்த்துவிடக் கூடாது. அவ்வளவுதான் பயம். அது புரிந்தபோது தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

தில்மாயா சாவியோடு இறங்கி வந்தாள்.

"என்னக்கா சொன்னீங்க?"

"நேபாளின்னேன். பருப்பும் சோறும் பொங்குவேன், நாத்தம் அடிச்சா கதவத் தட்டுங்கன்னேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பாஷைதான். மொதல்ல மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்புறம் என் கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. ஆறு மாடி ஏறி வேற ஒருத்தனும் வரலியாம், அதையும் சொல்லிச்சு." சிவப்புப் பை ஒன்றை நீட்டினாள். உள்ளே நாலு ஆரஞ்சு. "மிஸ் வோங்குக்காம். நல்ல பொண்ணாம் அது. ஏன் வரலன்னு கேட்டுச்சு."

"நீங்க?"

"உடம்பு சரியில்லன்னேன்."

ரோஜினாவுக்குப் பழங்களை உரிக்கவும் மனமில்லை, யாருக்காவது கொடுக்கவும் கை வரவில்லை. மையத்தில் அவள் மேசையிலேயே கிடந்தன.

அடுத்த வாரம் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்துக்கு வீடு கேட்டு ஒரு தரகனை அழைத்தாள். மிஸ் வோங் என்றுதான். அவனும் அதே நாற்றத்தைச் சொல்லிவிட்டு, அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தான்.

ஆரஞ்சின் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது.

"ஹலோ? மிஸ் வோங், லைன்ல இருக்கீங்களா?"